படிக்கட்டுக்கு அடியில் நூல்

செக் திரும்பிய வழக்குகள் பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்துவிடும். செக், வங்கி மெமோ, நோட்டீஸ், அதைப் பெற்றுக்கொண்டதற்கான அஞ்சல் அட்டை. கட்சிக்காரரின் வீடு எப்படி இருக்கும் என்று வக்கீலுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஒரு வழக்கு மட்டும், கட்சிக்காரர் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

திருப்பூரில் நாலு நிட்டிங் மெஷின் வைத்திருப்பவர். கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் நூலைத் துணியாக ஓட்டிக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதுதான் தொழில். அப்படிப்பட்டவர் சொந்தமாக நூல் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கோவை நூல் வியாபாரி ஒருவருக்கு அவர் கொடுத்த செக் 2022 ஆகஸ்டில் பணமில்லாமல் திரும்பி வந்தது. வியாபாரியின் வங்கிக் கணக்கு கோவையில் இருந்ததால், 2015இல் வந்த சட்டத் திருத்தப்படி வழக்கும் கோவையில். வாய்தாவுக்கு வாய்தா அவர் விடியற்காலையில் பஸ் ஏறி வந்தார்.

"ஏனுங்க சார், நூலு வாங்குனது ஒரு குத்தமுங்களா?" முதல் நாள் இதைத்தான் கேட்டார்.

அந்த வருடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் நூல் விலை ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. 2022 மே மாதம் இன்னொரு 40 ரூபாய். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு லட்ச ரூபாயைத் தொட்டது. மே 16, 17 இரண்டு நாளும் திருப்பூரே கடையடைத்துப் போராடியது. மில்கள் மாதப் பிறப்பில் விலை சொல்லும். அதனால் மாதக் கடைசி வந்தாலே ஊரில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. அப்புறம் பஞ்சு இறங்கியது, நூலும் இறங்கியது. உச்ச விலையில் வாங்கியவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

இவரும் விலை ஏறும் என்று பதுக்கிச் சூதாடியவர் என்றே நினைத்தேன். அதை அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவிதான், "ஒருக்கா வூட்டுக்கு வந்து பாருங்க சார்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். படிக்கட்டுக்கு அடியில் மூட்டை. கட்டிலுக்கு அடியில் மூட்டை. சாமி படத்துக்குக் கீழே நாலு மூட்டை. "என்ர நகையெல்லாம் இதுக்குள்ளதானுங்க இருக்குது" என்று அந்தம்மா ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

ஒவ்வொரு மூட்டையிலும் வேறு வேறு லாட் நம்பர். நிட்டிங் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். இரண்டு லாட் நூலைக் கலந்து ஓட்டினால், சாயம் போட்ட பிறகு துணியில் கோடு கோடாகத் தெரியும். கம்பெனி அந்த ரோலைத் திருப்பி அனுப்பிவிடும். லாபம் பார்க்க வாங்குகிறவன் ஒரே லாட்டாகப் பெரிதாக வாங்குவான். இவர் மூன்று மூட்டை, ஐந்து மூட்டை என்று மாதாமாதம் கை நடுங்கி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குங்க இத்தனை?" என்று கேட்டேன்.

"மெசினு நின்னுச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க சார்."

அந்தப் பயம் பழையது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றைக் காப்பாற்ற வந்த உத்தரவு அது, தவறென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் இவர் கடன் வாங்கி முதல் மெஷினை இறக்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரம். ஓடாத மெஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாட்களை அவர் சொன்னபோது மனைவி உள்ளே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நூலுக்குப் பஞ்சமில்லை, சாயம் போடத்தான் இடமில்லை. வீடு நிறைய நூல் இருந்திருந்தாலும் அந்த மெஷின் நின்றுதான் இருக்கும். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். பயத்துக்குத் தெரியவில்லை. அவரைச் சூதாடி என்று சொன்னதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

வழக்கில் எங்களுக்கு நல்ல பிடி ஒன்று இருந்தது. செக் கொடுத்த பிறகு அவர் வங்கி மூலமாகக் கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தார். அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்கே வியாபாரி செக்கைப் போட்டிருந்தார். அப்படிப் போட்டால், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில்தான் தசரத்பாய் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. விடுதலை வாங்கித் தரமுடியும் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "நூலு வூட்டுலதானுங்க இருக்குது. வாங்கலைன்னு எப்படிங்க சொல்றது?"

வாங்கவில்லை என்று சொல்லப் போவதில்லை, தொகை தவறு என்றுதான் சொல்லப் போகிறோம் என்று விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை. அப்புறம் நானும் வற்புறுத்தவில்லை. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசினேன். வியாபாரியும் நியாயமான மனுஷர். பிரிக்காத மூட்டைகளை அன்றைய விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வது, ஏற்கெனவே வந்த பணத்தைக் கழித்து மீதியைப் பத்துத் தவணையில் வாங்கிக்கொள்வது என்று 2023இல் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தோம். அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் சிவில் தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம். இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்.

அந்தம்மா வைத்த நிபந்தனையை உத்தரவில் எழுத முடியாது. செக் புத்தகம் தன்னிடம் இருக்கவேண்டும், தன்னிடம் போனில் கேட்காமல் இவருக்கு ஒரு கோன் நூல்கூடக் கொடுக்கக்கூடாது. நீதிமன்ற வராந்தாவில் நின்று வியாபாரி, "சரிங்க தாயி" என்று ஒப்புக்கொண்டார்.

பத்துத் தவணையும் தவறாமல் வந்தது. இப்போது அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. ஆனாலும் சில மாதங்களில் ஒண்ணாந்தேதி சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். நூல் விலை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று நானும் கேட்பதில்லை. ஒரு டீ குடிப்பார். கடைகள் சாத்தும் நேரம் ஆனதும், "அப்ப வரட்டுங்களா சார்" என்று எழுந்து கடைசி பஸ்ஸுக்குப் போவார்.