அப்பாவின் படகுக்கு ஒரு தரை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஆசை. சிலர் காசிக்குப் போவார்கள், சிலர் வீட்டுக்குப் பின்னால் வெண்டைக்காய் போடுவார்கள். என் அப்பா படகு வாங்கினார். இருபதடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு. கேரித் தீவுக்குப் போகும் வழியில், லங்காட் ஆற்றோரம் ஒரு சிறிய ஜெட்டியில் கட்டிக் கிடக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த நாள்களில் தாத்தாவோடு அதே ஆற்றங்கரையில் தூண்டில் போட்டவர் அவர். அறுபத்தெட்டு வயதில் கரையை விட்டு இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டார்.

அம்மாவுக்கு அந்தப் படகு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. காரணம் கடல் அல்ல, அப்பாவின் கால்.

அப்பாவுக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர். போன வருடம் கிளினிக்கில் மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுப் பார்த்தார். தொடும்போதெல்லாம் அப்பா 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பெருவிரலில் தொட்டபோதும் குதிகாலில் தொட்டபோதும் அப்பா பேசாமல் இருந்தார். தெரியவில்லை. நரம்பு மரத்துவிட்டது. இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காலில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். இனிப்பு நீர்க்காரருக்குக் காலில் ஒரு சின்னக் காயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் அந்தக் கதை இருக்கிறது.

"ஒண்ணு படகை வித்துடுங்க, இல்லாட்டி நிக்கிற இடத்தையாவது சரி பண்ணுங்க" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பேசுறதுதானே உன் தொழில். கடைக்காரங்ககிட்ட நீயே பேசு." வாரத்தில் ஆறு நாள் காலையில் வானொலியில் பேசுகிறேன், ஏழாவது நாளும் பேச்சுதான் என்று ஆனது.

படகோடு வந்த தரை, நீல நிறக் கார்பெட். பார்க்க அழகு, காலுக்கும் இதம். மீன் படகுக்கு மட்டும் அது ஆகாது. மீன் ரத்தம், இறால் இரை, சேறு எல்லாம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். தூண்டில் முள் மாட்டினால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் கார்பெட்டை உரித்தபோது, பெட்டி மூடியின் பலகை ஒரு மூலையில் கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கியது. மேலே நின்றால் தெரியாத பள்ளம் அது. கால் உணர்ச்சி குறைந்தவருக்கு நிச்சயமாகத் தெரியாது. முதல் செலவு அந்தப் பலகையை மாற்றியதுதான்.

கார்பெட்டுக்கு அடியில் ஃபைபர் தரையில் வைர வடிவக் கோடுகள் வார்க்கப்பட்டிருந்தன. தயாரித்தபோது வழுக்காமல் இருக்கட்டும் என்று போட்டது. வருடக்கணக்கில் கால் பட்டுத் தேய்ந்து, கோடு பெயருக்கு இருந்தது. கையால் தடவினால் பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

ஏன் வழுக்குகிறது என்று தெரிந்தால்தான் எதைப் போடுவது என்று முடிவு செய்யலாம். காலுக்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. கால் தரையைத் தொடாமல் தண்ணீர் மேல் நிற்கிறது. தரையில் மேடு பள்ளம் இருந்தால் தண்ணீர் பள்ளத்தில் ஒதுங்கும், கால் மேட்டைப் பிடிக்கும். வெறும் தண்ணீர் சீக்கிரம் ஒதுங்கிவிடும். மீனின் வழவழப்பு அப்படியல்ல. அது புரதம் கலந்த கோழை. கெட்டியாக இருப்பதால் சுலபத்தில் ஒதுங்காது. தண்ணீரில் பிடிக்கும் தரை மீன் வழவழப்பில் விட்டுவிடுவது இதனால்தான்.

அப்படியென்றால் நல்ல சொரசொரப்பாகப் போட்டுவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டைல் கடையில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு கணக்கு இருப்பதைச் சொன்னார்கள். ஜெர்மனியில் உருவான சோதனை அது. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் வேலைக் காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை பாகை சாய்வு வரை வழுக்காமல் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். ஆர் 9 என்றால் 6 முதல் 10 பாகை. ஆர் 13 என்றால் 35 பாகைக்கு மேல். எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும், கழுவுகிற கஷ்டமும் கூடும். நாங்கள் பார்த்த படகுத் தரைகளில் இந்த எண் இல்லை. ஆனாலும், பிடிப்பும் சுத்தமும் எதிரெதிர் திசையில் இழுக்கும் என்பது அங்கே புரிந்தது. எங்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. ரொம்பச் சொரசொரப்பான தரை, உணர்ச்சியில்லாத பாதத்தின் தோலை உரித்துவிடும். அப்பாவுக்கு உரிந்ததே தெரியாது.

ஹார்ட்வேர் கடையிலும் படகு பட்டறையிலும் கிடைத்தவற்றில் நாங்கள் பார்த்தது நான்கு வகை.

முதலாவது, படிக்கட்டில் ஒட்டும் வழுக்காத டேப். உப்புத்தாள் போல இருக்கும். மலிவு, பிடிப்பும் அபாரம். ஆனால் முழங்கால் போட்டால் தோல் போய்விடும், ஓரம் பிரிந்தால் அதுவே தடுக்கிவிடும். அப்பாவுக்கு அது வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டை வைத்த ரப்பர் பாய். கடைச் சமையலறைகளில் போடுவார்களே, அதுதான். தண்ணீர் கீழே இறங்கிவிடும், எடுத்து உதறியும் கழுவலாம். ஆனால் கனம். அடியில் செதிலும் சேறும் சேரும். படகு ஆடும்போது பாய் நகர்ந்தால் ஆளும் சேர்ந்து நகர வேண்டியதுதான்.

மூன்றாவது, ஈ.வி.ஏ. ஃபோம். சிலிப்பர் செய்யும் அதே பொருள், கோடு கோடாக வெட்டி, பின்னால் பசையோடு வருகிறது. அதிலுள்ள காற்று அறைகள் மூடியவை என்பதால் தண்ணீர் குடிக்காது. ஆறு மில்லிமீட்டர் தடிப்பே போதும், மணிக்கணக்கில் நிற்பவரின் முட்டிக்கு இதம். குறையும் உண்டு. கத்தி பட்டால் வெட்டுப்படும், தூண்டில் முள் உள்ளே இறங்கும். கறுப்பு நிறம் வாங்கினால் நம் ஊர் வெயிலில் அடுப்புக்கல் மாதிரி சுடும்.

நான்காவது, வழுக்காத பெயின்ட். பெயின்டோடு மணலையோ ரப்பர் துகளையோ சேர்த்து அடிப்பது. மணல் போட்டால் பல வருடம் உழைக்கும், ஆனால் கரடுமுரடு. ரப்பர் துகள் அதைவிட மென்மை, கையில் தேய்த்தால் கீறாது.

பட்டறைத் தவுக்கே இருபது வருடமாகப் படகு பழுது பார்ப்பவர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "உங்க அப்பா எங்க நிற்பார், மீன் எங்க விழும்?" படகு முழுவதற்கும் ஒரே தரை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம்.

தவுக்கே கொடுத்த மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்திப் பாத்தா என்ன தெரியும்? மீனை ஊத்திப் பாக்கணும்" என்றார். அன்று பசாரில் வாங்கிய செம்பிலாங்கைக் கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரத்தோடு கொண்டுவந்தார். மாதிரிகளை ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி, பலகையைச் சாய்த்து வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, அப்பாவின் சப்பாத்தை ஒவ்வொன்றிலும் அழுத்தி இழுத்துப் பார்த்தோம். பழைய சிலிப்பரையும் வைத்துப் பார்த்தோம். தேய்ந்த அடிப்பாகம் கொண்ட சிலிப்பர் எல்லாத் துண்டிலும் வழுக்கியது. தரையை மாற்றினாலும் காலில் போடுவதை மாற்றாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

பிறகு அம்மா அந்தப் பலகையை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டார். மறுநாள் எது எவ்வளவு சுலபமாகக் கழுவ வருகிறது என்று பார்த்தார். நான் சுடுதண்ணீர் எடுத்து வந்தேன். "ரத்தத்துக்கு யாராச்சும் சுடுதண்ணி ஊத்துவாங்களா? வெந்து ஒட்டிக்கும்" என்று தடுத்தார். உண்மைதான். சூட்டில் புரதம் கெட்டியாகிவிடும், பச்சைத் தண்ணீரில்தான் ரத்தம் கரையும். கவிச்சிக்குப் புளித்தண்ணீர் தெளித்தார். மீன் நாற்றத்துக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் அது உப்பாக மாறி, காற்றில் கிளம்பாமல் அடங்கிவிடும். நம் வீடுகளில் மீனைப் புளியும் கல்லுப்பும் போட்டு உரசுவது எத்தனையோ தலைமுறைப் பழக்கம்.

அம்மாவின் தீர்ப்பு இதுதான்: சுத்தம் செய்ய ரப்பர் துகள் பெயின்ட் முதலிடம், ஈ.வி.ஏ. இரண்டாமிடம். மணல் பெயின்ட் பிரஷ்ஷைத் தின்றுவிட்டது.

அதன்படி படகைப் பிரித்தோம். மீன் விழுகிற, வெட்டுகிற பின்பகுதிக்கு ரப்பர் துகள் பெயின்ட். அப்பா நின்று ஓட்டுகிற இடத்துக்கும் உட்காருகிற இடத்துக்கும் வெளிர்சாம்பல் நிற ஈ.வி.ஏ. வெள்ளை கண்ணைக் கூசும், கறுப்பு சுடும், சாம்பலில் இரண்டும் குறைவு. விழுந்து கிடக்கிற தூண்டில் முள்ளும் அதில் கண்ணுக்குத் தெரியும். அப்பா பாதத்தால் உணராததைக் கண்ணாலாவது பார்க்க வேண்டும்.

வேலை இரண்டு வார இறுதிகள் எடுத்தது. பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பெயின்ட். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போது துகளைச் சமமாகத் தூவி, காய்ந்ததும் உதிரியைப் பெருக்கிவிட்டு இரண்டாவது பூச்சு. பிற்பகலானால் இடியோடு மழை வருகிற மாதம் என்பதால் காலையிலேயே முடித்துக்கொண்டோம். ஈ.வி.ஏ. ஒட்டியபின் உருளையால் நன்றாக அழுத்தி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வைத்தோம். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டினால் ஓரம் சீக்கிரம் கிளம்பாது என்று தவுக்கே சொல்லியிருந்தார். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை எதுவும் மூடாமல் பார்த்துக்கொண்டோம். செதில் அடைத்து அங்கே தண்ணீர் நின்றால் எந்தத் தரையும் வழுக்கும்.

இப்போது படகில் சில விதிகள் உண்டு. ஜெட்டியில் அலையாத்திச் சேறு ஒட்டிய சப்பாத்தை வாளித் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். செம்பிலாங் வந்தால் தரையில் போடாமல் நேராகப் பெட்டிக்குள் விட வேண்டும். அதன் முள்ளில் விஷம். துள்ளுகிற மீனைத் தாண்ட முயன்று விழுவதுதான் பெரிய ஆபத்து. திரும்பியதும் பச்சைத் தண்ணீர், பிறகு மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் சவர்க்காரமும், கடைசியில் நிறையத் தண்ணீர். சவர்க்காரம் தங்கினால் அதுவே வழுக்கும். பளபளப்புக்கான மெழுகு தரைக்குக் கிடையாது.

சப்பாத்து விஷயத்தில்தான் அப்பா முரண்டு பிடித்தார். "கடல்ல யாரு சப்பாத்து போடுவா? பாக்குறவன் சிரிப்பான்." ஜெட்டியில் இருக்கும் மலாய்க்காரப் பாக்சிக் முன்னாலேயே சொன்னார். பாக்சிக் சிரிக்கவில்லை. தன் சிலிப்பரைக் கழற்றி இடது காலைக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. "இனிப்பு நீர்" என்றார், மலாயில். அதற்குப் பிறகு அப்பா ஒன்றும் பேசவில்லை. ரப்பர் அடி வைத்த, விரல் மூடிய சப்பாத்தை இப்போது அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் பாதத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார்.

அம்மா இன்னும் படகில் ஏறவில்லை. விற்கச் சொல்வதை மட்டும் நிறுத்தியிருக்கிறார். போன வாரம் வேறொன்று சொன்னார். "கடல்ல வாரத்துக்கு ஒரு நாள்தான் நிக்கிறீங்க. பாத்ரூம்ல தினமும் நிக்கிறீங்க." எங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது வீடு வாங்கியபோது போட்ட பளபளப்பு டைல். இத்தனை நாள் நாங்கள் யாரும் அதைக் குனிந்து தடவிப் பார்க்கவில்லை.

ஆர் எண் காலணியோடு நடப்பதற்கானது. வெறுங்காலோடு, சவர்க்காரத் தண்ணீரில் நிற்கும் இடங்களுக்கு ஏ, பி, சி என்று தனிக் கணக்கு இருக்கிறது. சிதான் அதிகப் பிடிப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை டைல் கடைக்குப் போகிறோம், கைப்பிடிக் கம்பியும் பார்க்க வேண்டும். மாதிரித் துண்டு இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பலகையை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை.