அனலைதீவில் ஒரு பகல்

சமூகவியல் பயிலும் மாணவர் பதினான்கு பேரை அனலைதீவுக்குக் கூட்டிச்செல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை கடந்து காலையிலேயே ஊர்காவற்றுறை இறங்குதுறையை அடைந்தோம். எதிரே நீருக்கு நடுவில் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை நின்றது.

பசுபிக் சமுத்திரத்துப் பொலினீசியத் தீவுகளைப் பற்றி வகுப்பில் படித்துவிட்டு, நமது தீவுகளோடு ஒப்பிடவென்றே பிள்ளைகள் புறப்பட்டிருந்தார்கள். அந்த மக்களின் இரட்டை ஓடங்களை ஆங்கிலேயர் 'கற்றமரான்' என்பது நமது கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போனதாம். வள்ளத்தில் ஒரு மாணவன் இதைச் சொன்னதும் ஓட்டியவர் சிரித்தார்: "பேரைக் கொண்டு போட்டாங்கள், மரத்தை விட்டிட்டாங்கள்."

கரையில் பனை, உள்ளே புகையிலைத் தோட்டம். ஐயனார் கோயிலைக் கும்பிட்டோம். அருகிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகமொன்று வாயில் பூவைக் கவ்விக்கொண்டு நயினாதீவு அம்மனிடம் நீந்திப் போன கதையைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பூட்டிய வீடுகள் பல. சொந்தக்காரர் கனடாவில் என்றார்கள்.

நான் அவர்களை எழுதச் சொன்னது தண்ணீரைப் பற்றி. இங்கே ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வந்துவிடும். பசுபிக்கின் துவாலு போன்ற பவளத்தீவுகளிலும் இதே கதைதான். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது குடம் சுமக்கும் பெண்களுக்கு மனப்பாடம்.

மதியம் ஓர் ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். சத்தகத்தால் சார்வோலையை வார்ந்து சிறிய தடுக்கு ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். சமோவாத் தீவில் பெண்கள் தாழையோலையில் மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காகப் பாய் இழைப்பதையும், கல்யாணத்திலும் செத்தவீட்டிலும் அதுவே உயர்ந்த கொடையென்பதையும், 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபாக ஏற்றதையும் ஒரு மாணவி உற்சாகமாகச் சொன்னாள்.

"அவையளுக்கு ஆரும் காசு குடுக்கினமோ பிள்ளை?"

"இல்லை ஆச்சி, பெரும்பாலும் மரியாதையாக் குடுக்கிறதுதான்."

"அப்ப எங்களைப் போலத்தான்."

எல்லாரும் சிரித்தோம். வினாக்கொத்தை எடுத்த மாணவி பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள்.

"ஐஞ்சு." ஓலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எழுதுறதெண்டா நாலு எண்டு எழுதுங்கோ. மூண்டாவது வள்ளத்தில பிறந்து, அக்கரை போக முந்திப் போட்டுது. சோழகக் காத்து. அலை விடேல்லை."

அவள் பேனை அப்படியே நின்றது. அந்தத் தாளில் அதற்கு இடமில்லை. தாளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. தீவுப் பண்பாடு என்று தலைப்பிட்டு, பாயையும் பாட்டையும் கேட்டோம். கடலைக் கடந்து பிள்ளை பெறுவதைக் கேட்கத் தோன்றவில்லை.

தடுக்கு பேத்தியின் பிள்ளைக்காம். கடலை நம்ப முடியாதென்று ஏழாம் மாதமே பேத்தியை யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே சமைக்கவும் துவைக்கவும் தாயும் கூடப் போக, ஆச்சி தனியே.

"போற வழியில குடுத்து விடுறியளே?"

அந்த மாணவிதான் வாங்கினாள். திரும்பும் வள்ளத்தில் தெறித்த நீர் படாமல் தன் சால்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வினாக்கொத்துகள் நனைந்தன.

பொழுதுபட்ட பிறகு வீட்டைக் கண்டுபிடித்தோம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு படலைக்கு வந்த பெண் தடுக்கைக் கையில் வாங்கி, விரித்துப் பார்க்கவில்லை.

"ஆச்சி நேரத்துக்கு மாத்திரை போடுறாவோ அக்கா?" என்றுதான் கேட்டாள்.