சுவிட்சுப் பெட்டிக்குள் நியூட்ரல்

விளக்கு சுவிட்சுக்கு ஒரே வேலைதான்: பேஸ் ஒயரைத் துண்டிப்பது, சேர்ப்பது. மெயினிலிருந்து வரும் பேஸ் அதன் ஒரு முனையில் ஏறுகிறது; மறுமுனையிலிருந்து ஒரு ஒயர் விளக்குக்குப் போகிறது. ஒரே போர்டில் ஐந்தாறு சுவிட்சு இருந்தால், பேஸை சிறு துண்டு ஒயர்களால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு லூப் அடித்திருப்பார்கள். நியூட்ரல் சுவிட்சைத் தொடாமல் நேரே விளக்குக்குச் செல்லும்.

ஸ்மார்ட் சுவிட்சுக்கு இது போதாது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் வைஃபை விழித்திருக்க வேண்டும். அதற்கு பேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். நியூட்ரல் கேட்காத வகைகளும் உண்டு. அவை தமக்கான சிறு மின்னோட்டத்தை விளக்கு வழியாகவே எடுப்பதால், குறைந்த வாட் எல்இடி அணைத்த பிறகும் மினுக்கக்கூடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு வசதி: பெரும்பாலான போர்டுகளில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், அதனால் நியூட்ரலும் அங்கே வந்திருக்கும். வெறும் சுவிட்சு மட்டும் உள்ள போர்டுகளில்தான் சிக்கல். பாயின்ட் கணக்கில் கூலி பேசும் வேலையில், நியூட்ரலை மேலே ஜங்ஷன் பாக்ஸோடு முடித்துவிட்டால் ஒயரும் மிச்சம், நேரமும் மிச்சம். பூச்சு வேலை முடிந்தபின் அதைக் கேட்பாரில்லை.

போர்டைத் திறக்குமுன் மெயினை இறக்கினால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் இறங்கியதுமே அது மின்வெட்டு என்று எண்ணித் தன் பேஸை அனுப்பத் தொடங்கும். அதையும் நிறுத்த வேண்டும்.

நியூட்ரலைக் கண்டுபிடிக்க டெஸ்டர் உதவாது. அது பேஸ் இருப்பதைச் சொல்லும். டெஸ்டர் எரியாத கறுப்பு ஒயர் நியூட்ரலா, எங்கோ அறுந்து கிடப்பதா என்று சொல்லாது. நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. கைக்கு வந்த மிச்ச ஒயரைப் போட்டு முடித்த வீடுகள் ஏராளம். ஆகவே பழைய எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டி, இரு ஒயர் நீட்டிய டெஸ்ட் லேம்பை இன்றும் பையில் வைத்திருக்கிறார்கள். சப்ளையைத் திரும்பக் கொடுத்து, ஒரு முனையை பேஸிலும் மறுமுனையைச் சந்தேக ஒயரிலும் வைத்தால், நியூட்ரலானால் பல்பு பளிச்சென்று எரியும். விளக்குக்குப் போகும் ஒயரானால் அறை விளக்கோடு தொடராகச் சேர்ந்து மங்கும், அல்லது எரியவே எரியாது. மூன்று பேஸ் வீட்டில் இரண்டு வேறு பேஸ்கள் ஒரே போர்டுக்கு வந்திருந்தால், இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். அங்கே இந்தச் சோதனை ஆபத்து, மீட்டர்தான் சரி.

எர்த்திலும் பல்பு எரியும். நியூட்ரல் இல்லாத இடத்தில் பச்சை ஒயரை இணைத்துச் சமாளிக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. அது கொடிய பழக்கம். எர்த் எங்காவது அறுந்தால், ஃபிரிட்ஜ், கிரைண்டர் போன்றவற்றின் உலோக உடலில் அந்த மின்சாரம் வந்து நிற்கும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் ட்ரிப் ஆகக்கூடும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கினாலும், ஆர்சிசிபிகள் தனித்தனியாக உள்ள வீட்டில் அதே கதைதான்.

மாடிப்படி விளக்கின் இரு சுவிட்சுகளுக்கிடையே இரண்டு ஒயர்கள் ஓடுவதால், அங்கே டூ-வே இணைப்புக்கென வந்த ஸ்மார்ட் சுவிட்சு மாட்யூல்தான் பொருந்தும். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் மாட்யூல் அதற்கு ஆகாது. பழைய மரப்பெட்டியில் மாட்யூலுக்கு இடம் தாராளம். ஆழம் குறைந்த மாடுலர் பெட்டியில், லூப் ஒயர்களைக் குறைத்து அடுக்கிய பிறகே அது உள்ளே போகும்.