முதல் பக்கத்தை மடித்து வைத்தேன்

ஓய்வு பெற்ற பின்னும் ஒரு விடைத்தாள் கண்ணை விட்டுப் போகவில்லை. அரையாண்டுத் தேர்வு, இருபடிச் சமன்பாடு. கடைசி பெஞ்ச் பையன் சரியாகப் போட்டிருந்தான். பார்த்து எழுதியிருப்பான் என்று நானே முடிவுகட்டி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அதே மாதிரி போட்ட முதல் ரேங்க் மாணவிக்கு முழு மதிப்பெண்.

"சார், நானே போட்டதுதான்" என்றான். மடக்குவதற்காகவே இன்னொரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். போட்டுவிட்டான்.

ராணுவ அதிகாரிகள் ஒரு குணத்தை வைத்தே ஆளின் மற்ற குணங்களையும் எடைபோட்டதை உளவியலாளர் தார்ண்டைக் 1920-லேயே எழுதிவிட்டார். பி.எட்.டில் அதை ஒப்பித்துத் தேறியவன்தான் நான்!

அதன்பின் பெயருள்ள முதல் பக்கத்தை மடித்து வைத்தே திருத்தினேன். ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்த பிறகே அடுத்த கேள்வி. அப்படியும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

அவனுக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.