ஈரலில் எழுதப்படும் கடல்

கொழும்பு தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதிப் பக்கம் மீன் வெட்டும் நானா, கெளிற்றின் வயிற்றைக் கீறியதும் ஈரலைத்தான் முதலில் பார்க்கிறார். நல்லது வழுவழுப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். வெளிறிய முடிச்சு தென்பட்டால் கழிவு வாளிக்குப் போய்விடும். “சில மீன்ல கட்டி இரிக்கும் தம்பி. வாய்லயும் கண்டிரிக்கேன். அத விக்கிறல்ல” என்றார், கத்தியை நிறுத்தாமலே.

அவர் எறியும் அந்த முடிச்சைத் தேடித்தான் ஆய்வாளர்கள் மீன் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிளாக் ஆற்றங்கரையில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்த நச்சு ஐதரோகாபன்கள் ஆற்றின் சேற்றில் படிந்தன. 1982இல் அங்கே பிடித்த வளர்ந்த கெளிறுகளில் சுமார் 39 வீதத்துக்கு ஈரல் புற்று. 1983இல் ஆலை மூடப்பட்டது. 1987இல் அது 10 வீதமாக இறங்கியது. பிறகு சேற்றை அள்ளித் தூர்வாரியபோது புதைந்திருந்த நஞ்சு கிளம்பிப் புற்று மீண்டும் ஏறியது. மீன்கள் சொன்ன கணக்கு அது.

அடிமட்டத்தில் வாழும் மீன்களே இதற்கு உகந்தவை. கெளிறும் நாக்கு மீனும் சேற்றிலேயே கிடந்து, அங்குள்ள புழுக்களையே தின்கின்றன. கடலோடும் சூரையை வெட்டி ஓரிடத்தின் அழுக்கைச் சொல்ல முடியாது.

கொழும்புக்கு இது தூரத்துக் கதையல்ல. 2021 மே மாதம் அதன் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த கொள்கலன்கள் 1,486. பிளாஸ்டிக் மணிகள் மட்டும் ஏறத்தாழ 1,680 தொன். ஒரு பகுதி எரிந்து, உருகிக் கரையொதுங்கியது. எரிந்த பிளாஸ்டிக்கிலும் அதே வகை ஐதரோகாபன்கள் உண்டு. கரையில் இறந்து கிடந்த ஆமைகளை அப்போதே எண்ண முடிந்தது. ஈரல் கட்டி அப்படி உடனே தெரிவதில்லை. வளர ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இழப்பைக் கணக்கிடுவோர் இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கட்டியெல்லாம் புற்று அல்ல. லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய் மீன் தோலில் மருக்களை உண்டாக்கும். ஒட்டுண்ணிகளாலும் வீக்கம் வரும். உருப்பெருக்கிதான் பிரித்துக் காட்டும். ஈரல் துண்டைப் போமலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு தடிப்பில் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். அந்தச் சீவலுக்கு வேண்டிய கைப்பதம் மீன் வெட்டும் கைக்குக் குறைந்ததல்ல. மீனின் வயதையும் அறிய வேண்டும். கெளிற்றின் முள்ளை அறுத்து வளையங்களை எண்ணுவார்கள். வயது தெரியாமல் இளம் மீன்களின் கூட்டத்தையும் கிழ மீன்களின் கூட்டத்தையும் ஒப்பிட்டால் விடை பிழைக்கும்.

நானாவின் வாளியிலிருந்தே மாதிரி எடுத்துவிடலாமே என்று தோன்றியது. ஆனால் மீன் செத்ததும் ஈரல் விரைவில் குழைகிறது. ஐஸில் கிடந்து சந்தைக்கு வருவதற்குள் கலங்களின் உருவம் சிதைந்துவிடும். எந்தக் கடலில் பிடிபட்டது என்பதும் கை மாறும்போது தொலைந்துபோகிறது. போமலின் போத்தல் முகத்துவாரத்தில், வலை கரையேறும் இடத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்திலேயே, மட்டக்குளி காக்கைத் தீவில், நாரா என்னும் தேசிய நீரியல்வள ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கெட்ட ஈரல் எதுவென்று நானா போன்றவர்களிடம் ஒரு காலை நேரம் பழகிய மீனவர், பிடித்த இடத்தையும் நாளையும் போத்தலில் எழுதி அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.