ராவைக்கி உல்லையில என்ன வேலை?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் முழுதாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஏச வேண்டாம்.

"சேரை ராவு பதினொரு மணிக்கு உல்லையில கண்டம்" என்று ஒரு கதை போன கிழமையிலிருந்து ஊருக்குள் ஓடுகிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒருவர் தோளில் தட்டி, "என்ன சேர், புது ரோட்டு ஒண்டு பிடிச்சிரிக்கீங்க போல" என்று சிரித்தார். கண்டது உண்மைதான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை போனேன். ஏன் போனேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். வயது 17. புவியியலில் நல்ல மூளை. ஒரு வரைபடத்தைக் காட்டினால் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவான். இந்த சீசன் தொடங்கியதிலிருந்து முதல் பாடவேளையில் மேசையில் தலை வைத்துத் தூங்கினான். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் எல்லோருக்கும் முன்னால், "ராவைக்கி உல்லையில உனக்கென்ன வேலை, டான்ஸா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த நாளிலிருந்து ஒன்பது நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

பத்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாப்பா முதுகு விழுந்து கடலுக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. உம்மா விடியற்காலையில் அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நான் மா கரைக்க எழும்புற நேரம்தான் சேர் அவன் வந்து படுக்கிற. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிற நேரம் அதுதான்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இஷா தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பொத்துவிலில் பிறந்து வளர்ந்தவன் நான். டவுனிலிருந்து அறுகம்பே மூன்று கிலோமீற்றர் இருக்கும். ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்தப் பாலத்தைத் தாண்டிய ஞாபகம் எனக்கு மிகக் குறைவு. என் வயதுக்காரர்களுக்குக் காரணம் தெரியும். நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் இரவு என்றால் ஊரடங்கு, நாய் குரைப்பு, விளக்கை அணை என்ற உம்மாவின் குரல். மஃரிபுக்குப் பிறகு வெளியே நிற்பவன் நல்ல பிள்ளை அல்ல என்று வளர்க்கப்பட்டோம். பிறகு 2004 டிசம்பர் 26. பாலமும் உடைந்தது, கரையும் போனது. யுத்தம் 2009 இல் முடிந்தபோது இரவு திறந்தது. திறந்த இரவுக்குள் முதலில் நுழைந்தது நாங்கள் அல்ல. நாங்கள் பழைய பழக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்கும் பாட்டுச் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். மெயின் றோட்டில் ஒரு திருவிழாவுக்கு இருக்கும் சனம். பாதிப்பேர் வெறுங்காலுடன், அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி. அவர்களில் நிறையப்பேர் பத்து மணிக்கே படுக்கப் போகிறவர்கள். விடியற்காலை அலைக்குத்தான் அவர்கள் வந்தது. இன்னொரு பகுதி கடற்கரைப் பக்கம், ஸ்பீக்கர் சத்தத்தைத் தேடிப் போகிறது. அங்கே குடி இருக்கிறது. குடிக்கு மேலேயும் சில சாமான்கள் கைமாறுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஐஸ் நம்ம ஊர்ப் பிள்ளைகளையும் தொட்டுவிட்ட காலத்தில் அதை மூடி மறைத்துப் பிரயோசனமில்லை.

பிள்ளையை ஒரு ஹோட்டலின் பின்பக்கம் கண்டேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றான். வகுப்பில் நிற்பதுபோலவே. ஐந்து நிமிடம் மதிலோரம் நின்று கதைத்தோம். ஒரு இரவுக்கு 3000 ரூபாய், சில நாட்களில் டிப்ஸ். நான் மனசுக்குள் என் மாதச் சம்பளத்தை முப்பதால் பிரித்துப் பார்த்தேன். விடையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"போத்தில் தூக்குறியா மகன்?" என்று கேட்டேன்.

"சனம் கூடினா தூக்கத்தான் வேணும் சேர். எனக்கும் விருப்பமில்ல. சுமக்கிறவனுக்கும் பாவம் எண்டு நம்ம பள்ளிக்கூடத்திலதான் படிச்ச. வேற ராவு வேல ஒண்டு இரிக்கிண்டா சொல்லுங்களன், நாளைக்கே விட்டுட்டு வாறன்."

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவனுக்கு 17. விற்கக் கூடாதவன் கையில் தட்டு. சட்டம் பேச வாய் வந்தது. ஆனால் அவன் கேட்டது சட்டம் அல்ல, வேலை. என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாளைக்குச் சனிக்கிழமை என்பதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டாவது தடவை போனது போயா இரவு. போயா என்றால் நாடு முழுக்க மதுபான விற்பனை நிறுத்தம். அவனுக்கு வேலையில்லை என்று தெரிந்துதான் போனேன். றோட்டு அமைதியாக இருந்தது. பிள்ளை ஓட்டோக்கள் நிற்கும் இடத்தில் கூட்டாளிமாருடன் நின்றான். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, ஒரு கணவன் மனைவியும் அவர்களோடு இன்னும் இரண்டு இளம் பெண்களும் வந்து ஓட்டோக்காரரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் என்னைக் கைகாட்டினார், "சேருக்கு இங்கிலீஸ் தெரியும்" என்று.

அவர்கள் கேட்டது இதுதான்: இங்கே இரவில் பார்ட்டி தவிர வேறு என்ன இருக்கிறது? நாங்கள் குடிப்பதில்லை, அறையில் இருக்கவும் பிடிக்கவில்லை. ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.

ஐந்து நாட்களுக்கு முன் பிள்ளை கேட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதானே என்று எனக்குப் பட்டது. ஒருவன் வேறு வேலை கேட்கிறான், இன்னொருவர் வேறு இடம் கேட்கிறார். இருவருக்கும் ஊர் சொல்கிற பதில், ஒன்றுமில்லை.

நான் யோசித்துக்கொண்டு நிற்க, பிள்ளை தயக்கத்துடன் சொன்னான். "சேர், உம்மாட அப்பம் குடுப்பமா?"

அவன் உம்மாவுக்குப் போன் எடுத்தோம். முதலில் பயந்தார். பிறகு, "அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்க, மா புளிச்சித்தான் இரிக்கி" என்றார். முற்றத்தில் இரண்டு பாயும் ஒரு வாங்கும். போயா நிலா வெளிச்சம் போதாதென்று மதில் லைட்டையும் போட்டார்கள். முட்டை அப்பம், பாலப்பம், மாசிச் சம்பல், இஞ்சித் தேத்தண்ணி. நான்கு பேரும் சேர்ந்து 19 அப்பம். அடுப்பில் தாச்சியைச் சுழற்றி மாவை ஓரத்துக்கு ஏற்றும் வித்தையை அந்த இரண்டு பெண்களும் பழகப் பார்த்து, மாவெல்லாம் கொட்டி, வீடே சிரித்தது. படுத்திருந்த வாப்பா எழும்பி வந்து வாங்கில் சாய்ந்துகொண்டு, அலை எந்தக் காற்றுக்கு எப்படி எழும்பும் என்று சொன்னார். பிள்ளை அதை இங்கிலீசில் சொன்னான். தடுமாறித்தான் சொன்னான், ஆனால் தென்மேல் பருவக்காற்றைச் சரியாகச் சொன்னான். தெற்கிலும் மேற்கிலும் கடல் குழம்பிக் கிடக்கும் மாதங்களில்தான் நம்ம பக்கம் அலை ஒழுங்காக வரும், ஹிக்கடுவையிலும் வெலிகமவிலும் சீசன் முடிய இங்கே தொடங்கும் என்று விளக்கினான். என் பாடத்தை அவன் படிப்பித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஊரில் என்னைக் கண்ட பதினொரு மணி அதுதான். அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த நேரம்.

இதற்குத்தான் இப்போது இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். "வெள்ளைக்காரங்கள வீட்டு முத்தத்துக்குக் கூட்டிப் போற பழக்கம் நல்லதில்ல" என்பது ஒன்று. "சேரும் டூரிசத்துக்கு ஏஜன்ட் ஆகிட்டார்" என்பது இன்னொன்று.

முதலாவதுக்கு என் பதில். அந்த உம்மாவின் பயம் நியாயமானது, கேட்டுத்தான் செய்தோம். மறைக்க ஒன்றும் இருக்கவில்லை, கதவும் திறந்திருந்தது. அதோடு, இரவு தங்கிப் போகிற பயணிகள் நம்ம ஊருக்குப் புதிதல்ல. ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற யாத்திரிகர்கள் பொத்துவிலைத் தாண்டித்தான் பாணமை, உகந்தை, குமண என்று காட்டுக்குள் இறங்குகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்த கைகள் இந்த ஊரில் எல்லாச் சமூகத்திலும் இருக்கின்றன. அலைக்கு வருகிறவர்களும் 1970களிலிருந்து வருகிறார்கள். விருந்தாளியைக் கவனிப்பது நமக்குத் தெரியாத வேலை அல்ல.

இரண்டாவதுக்கு ஒரு செய்தி. என் மச்சான் மாலைத்தீவில் சில வருடம் ஆசிரியராக இருந்தவர். அங்கே 2009 க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்தும் வழி திறந்தது. அந்தத் தீவுகளில் மதுபானம் இல்லை. ரிசோர்ட்டுகளில்தான் உண்டு. மாஃபுஷி போன்ற இடங்களில் கரைக்கு வெளியே படகில் நங்கூரம் போட்டு விற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், நூற்றுக்கு நூறு சுத்தம் என்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் தீவுக்குள் தங்குகிற பயணிக்கு இரவில் வேறு வழிகள் இருக்கின்றன. தூண்டில் போட்டு மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறார்கள். பிடித்ததைக் கரையில் சுட்டுத் தருகிறார்கள். பொடுபெரு மேளம் அடிக்கிறார்கள். அந்த வேலைகளைச் செய்வது அந்தத் தீவுப் பிள்ளைகள்.

நம்ம நாட்டிலேயே தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவையில் கடலாமை முட்டையிட வருவதைப் பார்க்க இரவில் ஆட்கள் போய்க் காத்திருக்கிறார்கள். சத்தமில்லை, வெளிச்சமில்லை, மணலில் இருந்து பொறுமையாகக் காத்திருப்பதுதான் அங்கே இரவுக் கொண்டாட்டம். தாய்லாந்தில் கோ பங்கன் தீவில் முழுநிலவு இரவில் ஆயிரக்கணக்கானோர் கூடி விடியவிடிய ஆடுகிறார்கள். நமக்கு அதே முழுநிலவு இரவு, போயா, அமைதி. அதைப் பயணிக்கு நட்டமான இரவு என்று ஏன் விடவேண்டும்? பாலித் தீவில் ஞெபி நாளில் விமான நிலையத்தையே மூடி, வந்தவரையும் அறைக்குள் இருக்கச் சொல்கிறார்கள். பயணிகள் பாலிக்குப் போவது அதனால் நின்றுவிடவில்லை.

நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். களப்பில் அந்தி நேரம் தோணி ஓட்டுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். கொத்துக்கடைகள் இருக்கின்றன. கரவலைக் கதை சொல்ல நம்ம அப்பாமார் இருக்கிறார்கள். அப்பம் சுட ஒரு ஊரே இருக்கிறது. நமக்கு இல்லாதது ஒழுங்குதான். பெண்கள் பயமில்லாமல் நடக்க லைட் இருக்கிற ஒரு பாதை, குப்பைத் தொட்டி, நியாயமான ஓட்டோக் கூலி, பாணமை றோட்டில் இரவில் யானை நிற்கும் என்று ஸ்கூட்டர் எடுப்பவருக்குச் சொல்ல ஒரு ஆள். அந்த றோட்டில் இருட்டில் போவது விளையாட்டல்ல.

இதால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பார்ட்டி தேடி வருகிறவர் அப்பம் சாப்பிட்டுத் திருப்திப்படப் போவதில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பே பற்றி எச்சரிக்கை விட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளியே எங்கோ நடப்பதற்கு நம்ம ஊர்ப் பிழைப்பு ஒரு நாளில் ஆடிப்போகும் என்று அன்றைக்குப் பார்த்தோம். அதனால் எல்லாவற்றையும் இதில் கட்டவும் கூடாது.

அந்த உம்மா இப்போது வெள்ளி, சனி அந்தியில் முற்றத்தில் அடுப்பு வைக்கிறார். ஆறு பிளாஸ்டிக் கதிரை. போன வெள்ளி ஒன்பது பேர் வந்தார்களாம், சனிக்கிழமை ஒருவரும் வரவில்லையாம். மகனின் ஹோட்டல் காசுக்கு அது கிட்டவும் நிற்காது. பிள்ளை பள்ளிக்கூடம் வருகிறான். கிழமைக்கு மூன்று இரவு இன்னும் ஹோட்டலுக்குப் போகிறான், வாப்பாவின் மருந்துச் செலவு அப்படி. முதல் பாடவேளையில் சில நாள் தூங்குகிறான். இப்போது நான் எழுப்புவதில்லை. இடைவேளையில் கூப்பிட்டு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

வகுப்பில் அவனைச் சிரிக்க வைத்ததற்கு அதே வகுப்பில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சேர்" என்றான். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும், ஹோட்டல் நடத்துகிற நம்ம சகோதரர்களிடமும், விளையாட்டுக் கழகத் தம்பிமாரிடமும் ஒரு கேள்விதான். 17 வயதுப் பிள்ளை ஒன்று உங்களிடம் வந்து, "போத்தில் தூக்காத ஒரு ராவு வேல சொல்லுங்க" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கீழே எழுதுங்கள். ஒரு நாலைந்து பதில் சேர்ந்தால், அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு எங்கேயாவது ஒன்றாக இருந்து கதைப்போம், இன்ஷா அல்லாஹ்.

என்னை மறுபடியும் உல்லையில் கண்டால் ஒளிந்து நின்று போட்டோ எடுக்க வேண்டாம். கிட்ட வாருங்கள், ஒரு பிளேன்டீ குடிப்போம்.