தொண்டையில் ஒரு சந்திப்பு

பேஸின் பிரிட்ஜில் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருவள்ளூருக்கு, மற்றொன்று கும்மிடிப்பூண்டிக்கு. நம் தொண்டையும் அப்படி ஒரு சந்திப்புத்தான். சோற்றுக்கு ஒரு பாதை, மூச்சுக்கு ஒரு பாதை. நாம் தூங்கினாலும் தூங்காத பாயிண்ட்ஸ்மன் ஒருவன் அங்கே காவல் இருக்கிறான். பெரிய ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மட்டும் அவனும் தூங்கிவிடுகிறான். அப்போது டாக்டர் ஒரு குழாயை மூச்சுப் பாதையில் செலுத்த வேண்டும். அது பாதை மாறிப் போய், யாரும் கவனிக்காமலும் விட்டால், சில நிமிஷங்களில் மூளை பாழாகிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபோர்மனாக இருக்கும் என் நண்பருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுக்கும் லேடி டாக்டர் வந்தார். "வாயை நல்லாத் திறங்க. நாக்கை நீட்டுங்க. சத்தம் போட வேண்டாம்" என்றார். அண்ணாந்து பார்க்கச் சொன்னார். மோவாய்க்கும் குரல்வளைக்கும் நடுவே விரல் வைத்து அளந்தார்.

நண்பரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கல் வயித்திலேதானே டாக்டர்? வாயிலே என்ன பார்க்கிறீங்க?"

"கல்லை எடுக்கிறவர் வேறே அம்மா. மூச்சைப் பார்த்துக்கிறவ நான். வழி எப்படி இருக்குன்னு இன்னிக்கே தெரிஞ்சுக்கணும்."

அந்த நாக்கு நீட்டலுக்கு மல்லம்பட்டி பரீட்சை என்று பெயர். கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் வருகிற ஆந்திர தேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வேலை பார்த்த டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-ல் இதை வெளியிட்டார். நாக்கு எவ்வளவுக்கு உள்நாக்கை மறைக்கிறதோ, அவ்வளவுக்குக் குழாய் போடுவது கஷ்டம் என்பது கணக்கு. காலணாச் செலவில்லை! இது மட்டும் போதாது என்பதால்தான் கழுத்தையும் அளக்கிறார்கள்.

கஷ்டம் எங்கே? கண் நேராகப் பார்க்கிறது. தொண்டையோ வளைந்து இறங்குகிறது. 1854-ல் மானுவேல் கார்ஸியா என்ற சங்கீத வாத்தியார், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தம் குரல்நாண்கள் அசைவதைப் பார்த்துவிட்டார். 1943-ல் ஆக்ஸ்போர்டு டாக்டர் மேக்கிண்டாஷ் வளைந்த அலகு ஒன்றைச் செய்தார். இன்றும் அது உழைக்கிறது. அதற்கும் மசியாத தொண்டைக்கு, நுனி வளைந்த மெல்லிய குச்சி ஒன்று உண்டு. மூச்சுக்குழலின் வளையங்களில் அது 'டக் டக்' என்று தட்டுவதைக் கையே உணர்ந்துகொள்ளும். பிறகு அதன்மேல் குழாயைச் செலுத்துவார்கள். இப்போது அலகின் நுனியில் சின்னக் காமிராவே வைத்துவிட்டார்கள். ஆர்ச்சி பிரெய்ன் என்ற ஆங்கில டாக்டர் 1981-ல் யோசித்த கருவி, உள்ளே நுழையாமல் குரல்வளை வாசலில் குல்லாய் போலக் கவிந்து மூச்சுக் கொடுக்கிறது.

இத்தனை இருந்தும் எனக்குப் பிடித்தது ஒரு கட்டுப்பாடு. கடினமான மூச்சுப்பாதைக்கென்றே உள்ள அகில இந்தியச் சங்கம் 2016-ல் வகுத்த முறைப்படி, குழாய் போடும் முயற்சி மூன்று தடவைக்கு மேல் கூடாது. குத்திக் குத்திப் பார்த்தால் தொண்டை வீங்கி, இருக்கிற வழியும் அடைபட்டுப் போகும். நிறுத்தத் தெரிவதும் ஒரு வித்தைதான்.

வாசகர்களுக்கு ஒன்று. மயக்கம் கொடுக்கையில் சிரமம் ஏற்பட்டதென்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை ரேஷன் கார்டோடு வைத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தடவை நம்மால் வாய் திறந்து சொல்ல முடியாமல் போகலாம், சீட்டுச் சொல்லும்.